வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு புதுச்சேரியை நடந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

புதுச்சேரிக்குப் போகிற பலர் கடற்கரைச் சாலையில் இறங்கி, மஞ்சள் சுவர் முன்னால் நின்று நாலு படம் எடுத்து, ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது நகரத்தின் கிழக்கோரத்தை மட்டும்தான். அந்த ஓரம் தழைத்து நிற்கத் தேவைப்பட்ட துணி, பணம், கணக்கு, பேரம், மொழிபெயர்ப்பு எல்லாம் வாய்க்காலுக்கு மேற்கே இருந்த தமிழர் வீதிகளிலிருந்து வந்தவை. அதனால் இந்த வழிகாட்டி மேற்கே தொடங்கிக் கிழக்கே கடலுக்குப் போகிறது. இந்த வரிசையில் நடந்தால் வெள்ளை நகரத்தின் ஒவ்வொரு கட்டடமும் வேறு மாதிரி தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

முழுதாக ஒரு நாள், முடிந்தால் இன்னொரு அரை நாள் ஒதுக்குங்கள். இரண்டு மணி நேரந்தான் இருக்கிறது என்றாலும் கடற்கரையை விட்டுவிட்டு முதல் நான்கு படிகளை மட்டும் செய்யச் சொல்வேன்.

முதல் படி: வரைபடத்தை மனதில் ஏற்றிக்கொள்வது

பழைய நகரம் ஏறக்குறைய முட்டை வடிவம். கிழக்கே கடலை ஒட்டிக் குபேர் சாலை. மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் வல்லபபாய் படேல் சாலை, தெற்கே சுப்பையா சாலை. இந்த நான்கும் சேர்ந்த வளையத்துக்குள்தான் நாம் நடக்கப்போகிறோம். உள்ளே வீதிகள் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் நேர்கோட்டில் வெட்டிக்கொள்கின்றன. ஒரு முறை திசை பிடிபட்டால் வழி தவறவே முடியாது.

இந்த நேர்கோட்டு அமைப்பைப் பலரும் பிரெஞ்சுக்காரர்கள் போட்டது என்று நினைக்கிறார்கள். 1674-ல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே பிரெஞ்சு வணிகக் குடியேற்றத்தை நிறுவினார். 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் அவர்கள் வகுத்த வீதித் திட்டத்தைத்தான் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் தொடர்ந்தார்கள்.

இந்தக் கட்டங்களின் நடுவே வடக்கு தெற்காக ஓடுவது பெரிய வாய்க்கால். அதன் இரு பக்கமும் அம்பூர் சாலையும் செஞ்சி சாலையும் கூடவே போகின்றன. மழைநீர் கடலுக்கு வடிய 18ஆம் நூற்றாண்டில் முறைப்படுத்திய வாய்க்கால் அது. அதுவே எல்லைக்கோடாகவும் ஆனது. கிழக்கே ஐரோப்பியர், மேற்கே தமிழர். வெள்ளை நகரம், கருப்பர் நகரம் என்று அன்றைய ஆட்சி எழுதி வைத்தது. இன்று அது அகலமான ஒரு வடிகால்தான். படகு கிடையாது, வெனிஸ் மாதிரி எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். வெயில் காலத்தில் வாடை அடிக்கும். ஆனாலும் இந்த நகரத்தைப் படிக்க வேறு நல்ல கோடு கிடையாது.

இரண்டாம் படி: நேரத்தையும் நாளையும் தேர்ந்தெடுப்பது

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை நடக்க ஏற்ற காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. அப்போது போனால் வாய்க்கால் எதற்காக வெட்டப்பட்டது என்பது கண்ணெதிரே தெரியும், ஆனால் பாதி நாள் ஏதாவது ஒரு கூரைக்குக் கீழே நிற்க வேண்டியிருக்கும். ஏப்ரல், மே வேண்டாம்.

சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற கூட்டம் வெள்ளை நகரத்தை நிரப்பிவிடும். வாரநாளில் வாருங்கள், அதிலும் திங்களைத் தவிருங்கள், அருங்காட்சியகம் மூடியிருக்கும். மதியம் ஒரு மணிக்கு மேல் பல கடைகள் அடைத்து நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள், அதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கி பதினொன்றுக்கு நிறுத்தி, மறுபடி நாலு மணிக்குத் தொடங்குவது உடம்புக்கும் நல்லது.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ரயிலில் வருவதானால் விழுப்புரம் வரை வந்து பேருந்து பிடிப்பது எளிது. புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் ஏறினால் கடற்கரைக்குப் போகாமல் நேரு வீதி முனையில் இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்துதான் நடை தொடங்குகிறது.

மூன்றாம் படி: பெரிய மார்க்கெட்டும் ரங்கப் பிள்ளை வீடும்

நேரு வீதிக்கும் ரங்கப் பிள்ளை வீதிக்கும் நடுவே பெரிய மார்க்கெட். ஆவணங்களில் குபேர் அங்காடி என்று இருக்கும். காலை ஏழு மணிக்கு மீன் பகுதி, பூக்கடை, மளிகை எல்லாம் முழு வேகத்தில் இருக்கும். மளிகைக் கடைகளில் உருட்டி வைத்திருக்கும் தாளிப்பு வடகத்தைப் பாருங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, வெந்தயம், உளுந்து, கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து விளக்கெண்ணெய் விட்டுக் காயவைத்த அந்த உருண்டை பிரெஞ்சுச் சமையலறைகளுக்குள் 'வாதுவான்' என்ற பெயரில் நுழைந்து, இன்று ஐரோப்பிய உணவகங்களில் தனி மசாலாவாக விற்கிறது. வாங்குவதானால் வாசனையை முகர்ந்து பார்த்து வாங்குங்கள், காறல் வாடை வந்தால் பழையது.

மார்க்கெட்டிலிருந்து வெளியே வந்தால் அருகிலேயே ஆனந்த ரங்கப் பிள்ளையின் மாளிகை. இந்த நடையில் நான் அதிக நேரம் நிற்கச் சொல்லும் இடம் இதுதான்.

ரங்கப் பிள்ளை 1709-ல் பிறந்தவர். ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாஷி. துபாஷி என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் என்று எண்ணிவிடக்கூடாது. வணிகர்களைக் கூட்டுவது, நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுப்பது, நவாபுகளின் தூதர்களோடு பேசுவது, தமிழர்களின் வழக்குகளைத் தீர்ப்பது எல்லாம் அவர் வேலை. கப்பலும் வைத்திருந்தார். 1736-ல் தொடங்கி 1761 ஜனவரியில் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்வரை நாட்குறிப்பு எழுதினார். தமிழில், அன்றைக்குப் பேசிய தமிழின் வாடையோடு. எந்தக் கப்பல் வந்தது, எந்தத் துணி என்ன விலை, ஆளுநர் மனைவி யாரிடம் லஞ்சம் வாங்கினாள், யார் யாரைப் பார்த்து முகம் சுளித்தார் என்று ஒன்று விடவில்லை. 1846-ல் அந்த ஏடுகளை ஒரு பிரெஞ்சு அதிகாரி மறுபடி கண்டெடுத்துப் படியெடுத்தார். பிற்பாடு ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதுகிற எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

இந்தப் பதவியில் ஆபத்தும் இருந்தது. ரங்கப் பிள்ளையின் உறவினரான நைனியப்பப் பிள்ளை அவருக்கு முன்பு இதே மாதிரி தலைமைத் தரகராக இருந்தவர். 1716-ல் பிரெஞ்சு நிர்வாகம் அவரைக் கைது செய்து சொத்தைப் பறிமுதல் செய்தது. 1717-ல் சிறையிலேயே இறந்தார். குடும்பமும் நண்பர்களும் பிரான்ஸ் வரைக்கும் முறையிட்டு அந்தத் தீர்ப்பை மாற்ற வைத்தார்கள். 300 ஆண்டுக்கு முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம் கடல் கடந்து நீதி கேட்டு வென்றிருக்கிறது. இதை ஏன் பள்ளிப் பாடத்தில் வைக்கவில்லை என்று எனக்கு இன்றும் வருத்தம்.

மாளிகையைப் பார்க்கும்போது கீழ்த்தளத்தையும் மேல்தளத்தையும் தனித்தனியாகக் கவனியுங்கள். கீழே மரத்தூணும் முற்றமும், தமிழ் வீட்டு முறை. மேலே சுண்ணாம்புப் பூச்சுத் தூண்களும் மொட்டைமாடியும், ஐரோப்பிய முறை. பிற்பாடு ஊர் முழுக்கப் பரவிய கலப்புப் பாணி இங்கே அதன் தொடக்க நிலையில் இருக்கிறது. முன்கூட்டி அனுமதி கேளாமல் உள்ளே நுழைய வேண்டாம்.

நான்காம் படி: தமிழர் வீதிகள்

ரங்கப் பிள்ளை வீதியில் கிழக்கே நடந்து மிஷன் வீதியைத் தொடுங்கள். அங்கே இருக்கிறது சம்பா கோயில், அதாவது தூய அமலோற்பவ அன்னை பேராலயம். நகரத்தின் கத்தோலிக்கத் தலைமைக் கோயில் வெள்ளையர் பகுதியில் இல்லை, வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இப்போது நிற்கும் கட்டடம் 1791-ல் முடிந்தது.

இதே பகுதியில் ஏசு சபையினரின் பழைய தேவாலயத்தை ஒட்டி வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. பாதிரியார்கள் அதை அகற்றச் சொல்லிப் பல காலம் வற்புறுத்தி வந்தார்கள். 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகையிட்ட நேரத்தைப் பயன்படுத்தி டூப்ளே ஆட்சி அதை இடித்தது. நடந்ததை ரங்கப் பிள்ளை வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். அவர் அந்த ஆட்சியின் ஊழியர், அதே சமயம் அந்தக் கோயிலின் பக்தர். இப்போதைய வேதபுரீஸ்வரர் கோயில் பிற்காலத்தில் சற்றுத் தள்ளி, காந்தி வீதியில் எழுந்தது. பேராலயத்தையும் அந்தக் கோயிலையும் ஒரே காலையில் அடுத்தடுத்துப் பாருங்கள்.

அங்கிருந்து வடக்கே பெருமாள் கோயில் வீதி. பாரதிதாசன் வாழ்ந்த வீடு இங்கே நினைவகமாக இருக்கிறது. 1891-ல் இந்த ஊரில் பிறந்து, பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராக வேலை பார்த்தவர். இன்னும் கொஞ்சம் நடந்தால் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு. 1908-ல் ஆங்கிலேயர் கையில் சிக்காமல் இருக்க இங்கே வந்தவர் 1918 வரை இருந்தார். இந்தப் பத்து ஆண்டுகளில்தான் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்தன. எல்லையைத் தாண்டிக் கடலூர் பக்கம் கால் வைத்ததும் கைது செய்தார்கள். வ.வே.சு. ஐயர், அரவிந்தர் என்று அன்று தஞ்சம் புகுந்தவர்கள் பலர். பிரெஞ்சுக் கொடி இவர்களைப் பிரிட்டிஷ் போலீசிடமிருந்து காத்தது உண்மை. அதே கொடியின் கீழ் உள்ளூர்த் தமிழர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது வேறு கதை, அடுத்த படியில் வருகிறது.

வீடுகளைப் பார்க்க மிகச் சிறந்த இடம் வைசியாள் வீதி. கால்வே சுப்பராயச் செட்டியார் வீதி என்றும் பெயர். மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று இந்த வீதியின் முகப்புகளை மீட்டெடுத்தது, 2008-ல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. இங்கே மெதுவாக நடங்கள். முதலில் தாழ்வாரம். வீதியை ஒட்டி மரத்தூண்கள் மேல் ஓட்டுக் கூரை, அடியில் வழிப்போக்கர் யாரும் நிழலுக்கு ஒதுங்கலாம். அதற்கு உள்ளே உயரமான திண்ணை, வீட்டுக்காரரும் வந்தவரும் உட்கார்ந்து பேச. அப்புறம் செதுக்கு வேலை செய்த தேக்குக் கதவு. கதவு திறந்திருந்தால் நேர் கோட்டில் முற்றத்து வெளிச்சம் தெரியும். தெருவிலிருந்து வீட்டுக்குள் போவது படிப்படியாக நடக்கிறது, எந்தப் படிவரை யார் வரலாம் என்பதில் சாதிக் கணக்கும் உண்டு. இந்தப் பக்கத்து வீதிகள் பலவற்றுக்குச் சாதிப் பெயரும் தொழில் பெயரும் இருப்பது அதனால்தான்.

பிறகு மாடியைப் பாருங்கள். பல வீடுகளில் மாடி மட்டும் பிரெஞ்சுச் சாயல்: வளைவு ஜன்னல்கள், அடுக்குப் பலகைக் கதவுகள், சுண்ணாம்புத் தூண் உருக்கள். இன்னும் சில வீடுகளுக்குப் பின்னால், இன்றைய வியட்நாமில் இருக்கும் சைகோனில் சம்பாதித்த பணம் இருக்கிறது. பிரெஞ்சு இந்தோசீனாவில் படையிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நிறையப் பேர். ஓய்வூதியம் வாங்கும் பழைய படைவீரரை இங்கே இன்றும் சொல்தா என்றுதான் சொல்வார்கள்.

இவை ஆட்கள் வாழும் வீடுகள். திண்ணையில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். "ஐயா, இங்க நின்னு ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள், சில சமயம் உள்ளே கூப்பிட்டு முற்றத்தையே காட்டுவார்கள்.

நேரம் இருந்தால் தெற்கே முல்லா வீதிப் பக்கமும் ஒரு சுற்று வாருங்கள். குத்பா பள்ளிவாசலைச் சுற்றிய இஸ்லாமியர் வீதிகள் சுற்றுலாக் கூட்டம் எட்டாத பகுதி. கூட்டம் இல்லாததால் வீட்டு முகப்புகளை நிதானமாகப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: வாய்க்காலைத் தாண்டுவது

கிழக்கே நடந்தால் வாய்க்கால் வந்துவிடும். ஒரு பாலத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இரண்டு கரையையும் மாறி மாறிப் பாருங்கள். மேற்கே வீடுகள் தெருவை நோக்கித் திறந்திருக்கும். கிழக்கே உயரமான மதில், பெரிய இரும்புக் கதவு, தோட்டம் உள்ளே. மேற்கு வீடு தெருவோடு பேசுகிறது, கிழக்கு வீடு முதுகைக் காட்டுகிறது. இந்த ஒரு வேறுபாட்டைக் கண்ணால் பிடித்துவிட்டால் பாதி வரலாறு கைக்கு வந்துவிடும்.

இந்தச் சில அடி அகலத்தைத் தாண்ட என்ன பாடு என்பதற்குப் பொன்னுத்தம்பிப் பிள்ளையின் வழக்கு சாட்சி. தமிழ் வழக்கறிஞரான அவர் 1873-ல் ஐரோப்பியர் போலக் காலில் ஷூ அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார். அதற்காக அவருக்கு அபராதம் போட்டார்கள். அவர் விடவில்லை, பாரிஸின் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் வென்றார். 1881-ல் வந்த ஓர் ஆணை, தங்கள் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க விரும்புவோருக்கு வழி திறந்தது. அவரும் அப்படித் துறந்து லப்போர்த் என்ற குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். சாதி இழிவிலிருந்து தப்பிக்க அந்த வழியைப் பிடித்தவர்களும் உண்டு. புதுச்சேரித் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆறாம் படி: பாரதி பூங்காவும் சுற்றுப்புறமும்

வெள்ளை நகரத்தின் நடுவே பாரதி பூங்கா. இந்தப் பகுதியில்தான் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ஐந்துமுனைக் கோட்டை, செயின்ட் லூயி கோட்டை, இருந்தது. 1761 ஜனவரியில் பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி சரணடைந்ததும் ஆங்கிலேயர் கோட்டையை மட்டுமல்ல, நகரத்தையே இடித்துத் தள்ளினார்கள். ஆகவே இன்று நாம் பார்க்கும் வெள்ளை நகரம் டூப்ளே பார்த்த நகரம் கிடையாது. 1765-ல் ஊர் திரும்பக் கிடைத்தபின் அதே வீதிக்கோடுகளில், பழைய அடித்தளங்கள் மேல் புதிதாக எழுப்பியது. அதன்பின்னும் ஆங்கிலேயர் கையில் பலமுறை விழுந்து 1816-ல்தான் நிலையாகப் பிரெஞ்சு வசம் வந்தது.

இந்த இடிபாடுகளில் நடந்த ஒரு கதையை நான் யாரைக் கூட்டிப் போனாலும் சொல்வேன். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை அளக்க லெ ழான்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர் 1760-ல் கிளம்பினார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில். 1761-ன் கடப்பை ஆடும் கப்பலில் இருந்து பார்த்ததோடு சரி, அளக்க முடியவில்லை. எட்டு ஆண்டு காத்திருந்து, 1769 ஜூனில் இடிந்த ஆளுநர் மாளிகைமேல் கருவிகளைப் பூட்டி உட்கார்ந்தார். அந்தக் காலைப் பொழுதில் மட்டும் மேகம் மூடிவிட்டது. ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. இங்கிருந்த தமிழ்க் கணிதர்கள் சோழிகளை வைத்து, வாய்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லி, கிரகணக் கணக்குப் போடுவதைக் கண்டு வியந்து, அந்த முறையைக் கற்றுக்கொண்டு போய் எழுதினார். ஐரோப்பாவின் கருவி ஒரு கரையில், தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கு மறு கரையில், நடுவே வாய்க்கால்.

பூங்கா நடுவில் வெள்ளையாக நிற்பது ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தது. முத்திரைப்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்ததன் நினைவாக எழுப்பினார்கள். ஆயி என்ற தாசி ஒருத்தி தன் மாளிகையை இடித்துவிட்டுக் குளம் வெட்டினாள் என்பது ஊர்க்கதை. ஒரு பிரெஞ்சுப் பேரரசனின் கட்டடம் ஒரு தமிழ்த் தாசியின் பெயரால் நிற்கிறது, அதுவே புதுச்சேரி அரசின் சின்னமாகவும் இருக்கிறது. பூங்காவின் வடக்கே, ராஜ் நிவாஸ் என்று பல காலம் அழைத்த ஆளுநர் மாளிகை, வெளியிலிருந்து பார்க்கலாம்.

அருகிலேயே புதுச்சேரி அருங்காட்சியகம். முதலில் ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த பொருட்களைப் பாருங்கள், மரச்சாமான்களுக்கு அப்புறம் போகலாம். இதே செயின்ட் லூயி வீதியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். சைவ ஆகமச் சுவடிகளின் பெருந்தொகுப்பு இங்கே இருக்கிறது. 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அதைச் சேர்த்தார்கள்.

ஏழாம் படி: வெள்ளை நகர வீதிகள்

மதிய ஓய்வுக்குப் பின் நாலு மணிக்கு இங்கே வாருங்கள், மஞ்சள் சுவர்மேல் சாய்வெயில் விழும் நேரம். துமாஸ் வீதி, ரோமன் ரோலன் வீதி, சுஃப்ரேன் வீதி மூன்றையும் வடக்கிலிருந்து தெற்காக ஏறி இறங்கினால் போதும். நீலத் தகட்டில் தமிழிலும் பிரெஞ்சிலும் வீதிப் பெயர் எழுதியிருக்கும். மஞ்சளும் வெள்ளையும் பிரெஞ்சுக் காலத்து வழக்கம், சாம்பலும் வெள்ளையுமாக இருப்பவை பெரும்பாலும் அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்கள். ஆசிரமத்தில் அரவிந்தர், அன்னை இருவரின் சமாதிகள் உள்ளன, அமைதியாக உட்கார்ந்துவிட்டு வரலாம்.

மணக்குள விநாயகர் கோயிலைக் கட்டாயம் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பே இருந்து, ஐரோப்பியர் பகுதிக்குள்ளேயே அசையாமல் நின்ற கோயில். கோட்டுக்கு அந்தப் பக்கம் பேராலயம், இந்தப் பக்கம் பிள்ளையார். எல்லைக்கோடு காகிதத்தில் இருந்த அளவுக்கு மண்ணில் இறுக்கமாக இல்லை என்பதற்கு இவை இரண்டும் போதும். துமாஸ் வீதியில் 1855-ல் முடித்த கப்ஸ் கோயில் என்ற தேவாலயத்தில் இன்றும் பிரெஞ்சில் பூசை நடக்கிறது.

எட்டாம் படி: கடற்கரைச் சாலை

மாலையில் குபேர் சாலையை வண்டிகளுக்கு அடைத்துவிடுவார்கள், நடுச்சாலையிலேயே நடக்கலாம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கற்தூண்களைத் தொட்டுப் பாருங்கள். செஞ்சியைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபின் அங்கிருந்து பெயர்த்து வந்தவை. ஒரு காலத்தில் டூப்ளே சிலை இந்த இடத்தில் இருந்தது, இப்போது அது சாலையின் தென்முனையில் இருக்கிறது. 1836-ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், 1938-ல் எழுப்பிய முதல் உலகப்போர் நினைவுச்சின்னம் இரண்டும் பக்கத்திலேயே. மேரி என்கிற நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது, அதே வடிவில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள்.

கடலோரம் ஏன் மணலுக்குப் பதில் கருங்கல் கிடக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய கல்லணைகள், கரையோரமாக வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. மணல் வராத இடத்தைக் கடல் அரித்தது, நகரத்தைக் காக்கக் கல்லைக் கொட்டினார்கள். அண்மை ஆண்டுகளில் ஒரு பகுதியில் மணல் திரும்பச் சேர்ந்திருக்கிறது. கற்களில் இறங்கி விளையாட விடாதீர்கள், குளிக்கவும் வேண்டாம்.

இந்தக் கரையிலிருந்து ஆட்களும் போனார்கள். பிரான்ஸ் 1848-ல் அடிமை முறையை ஒழித்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றினார்கள். அந்தத் தீவுகளில் இன்றும் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. அவர்களுக்கென்று கடற்கரையில் கண்ணில் படும்படியாக ஒரு பெரிய சின்னம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் அரைப் பொழுது

கடலூர் சாலையில் முதலியார்பேட்டைப் பக்கம் பழைய துணி ஆலைகள். 1936 ஜூலை 30-ல் வேலைநிறுத்தம் செய்த சவானா ஆலைத் தொழிலாளர்மேல் பிரெஞ்சுப் படை சுட்டு 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் விளைவாக அடுத்த ஆண்டில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. நேற்று நீங்கள் நடந்த தெற்கு வளையச் சாலை அவர் பெயரில்தான் இருக்கிறது.

அதே திசையில் இன்னும் சென்றால் பழங்காலத் துறைமுகமான அரிக்கமேடு. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டி ரோமானிய மட்பாண்டங்களைக் கண்டு காலம் கணித்தார். அங்கே நிற்கும் செங்கல் சுவர்களைப் பலர் ரோமானியக் கட்டடம் என்று படம் எடுத்துப் போகிறார்கள். அது 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரியார்களின் மாளிகை. பழைய துறைமுகம் மண்ணுக்கு அடியில் மூடிக் கிடக்கிறது. ஆகவே அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு இங்கே வருவது நல்லது, மணிகளையும் சாடிகளையும் பார்த்த கண்ணுக்கு ஆற்றங்கரை மேடு வெறும் மேடாகத் தெரியாது.

நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால்

ஜூலை 14-ல் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ் முதியவர்கள் பதக்கங்கள் அணிந்து போர் நினைவுச்சின்னத்துக்கு வருவதைப் பார்க்கலாம். விடுதலை நாள் கணக்கும் இங்கே தனி. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு இணைய, 8 பேர் எதிராக. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது, சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அதனால் நவம்பர் 1, ஆகஸ்ட் 16 இரண்டு நாளிலும் கொடியேற்றம் காணலாம். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும், விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேர்த் திருவிழாவுக்குப் பிரெஞ்சு ஆளுநர்கள் வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைப்பது வழக்கமாக இருந்தது. இன்று துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். நகரத்திலிருந்து விழுப்புரம் சாலையில் பத்து கிலோமீட்டர்தான், டவுன் பஸ் அடிக்கடி உண்டு, தேர் காலையில் கிளம்பிவிடும்.